மூன்று ஊர்களின் முதற்பொருளும் கருப்பொருளும்

உயர்தரத் தமிழ் வகுப்பில் அகத்திணை மரபைப் படிக்கும் எவருக்கும் முதல், கரு, உரி என்ற மூன்று சொற்களும் மனப்பாடமாகிவிடும். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்திலும் பொழுதிலும் காணப்படும் விலங்கு, பறவை, மரம், பூ, உணவு, தொழில் முதலியன கருப்பொருள். அங்கே வாழும் மனிதரின் ஒழுக்கம் உரிப்பொருள். பரீட்சைக்கு இதை ஓர் அட்டவணையாக வரைந்து வைத்துக்கொண்டால் போதும். ஆனால் மானையும் மயிலையும் சொல்வதற்கு முன்னர் நிலத்தையும் பொழுதையும் ஏன் சொல்லவேண்டும் என்பது அட்டவணையில் தெரிவதில்லை. வெளிநாட்டில் வாழும் இரண்டு தோழிகளோடு காலநிலை பற்றிப் பேசிப் பேசித்தான் எனக்கு அது விளங்கத் தொடங்கியது.

தரம் எட்டு வரை நாங்கள் மூவரும் கல்முனைப் பக்கத்தில் ஒரே வகுப்பில் இருந்தோம். ஒருத்தி இப்போது கட்டாரின் டோஹாவில். மற்றவள் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில். பாடமும் ஆசிரியர்களும் வேறாகிவிட்ட பிறகு மூவருக்கும் பொதுவாகப் பேச மிஞ்சியது வெயிலும் மழையும்தான். "இஞ்ச சரியான வெக்க" என்று ஒருத்தி குரல்பதிவு அனுப்புவாள். "இஞ்ச குளிர், வெளிய எறங்கேலாது" என்று மற்றவள் சொல்வாள். சில மாதங்களில் இந்தச் சொற்களால் ஒன்றும் விளங்கவில்லை என்பது தெரிந்தது. வெக்கை என்ற சொல் மூவரிடமும் ஒன்றுதான். அதன் கீழே இருக்கும் நிலம் ஒன்றல்ல. ஆகவே ஒரு கொப்பியில் மாதம்தோறும் மூன்று ஊருக்கும் நிலம், பொழுது, கண்ட உயிரினம் என்று எழுதிவரத் தொடங்கினேன். இக்கட்டுரை அந்தக் கொப்பியிலிருந்து எழுதப்படுகிறது. அதிலிருந்து நான் கண்டது இதுதான்: ஒரு சொல்லை அதன் நிலத்தோடும் பொழுதோடும் சேர்த்துக் கேட்காவிட்டால், ஒரே மொழியில் பேசும் மூன்று பேரும் மூன்று வெவ்வேறு பொருள்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கலாம்.

மழை

மட்டக்களப்பில் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 1,700 மில்லிமீற்றர். எங்கள் கரையும் அதையொட்டியதே. பர்மிங்ஹாமில் சுமார் 800. டோஹாவில் 75 அளவில். இந்த எண்களை அனுப்பியபோது பர்மிங்ஹாம் தோழி நம்பவில்லை. இங்கிலாந்து என்றாலே மழை என்றுதான் உலகம் சொல்கிறது. அவள் குடையில்லாமல் வீட்டைவிட்டு இறங்குவதில்லை. அப்படியிருக்க எங்களுக்கு எப்படி இரண்டு மடங்கு மழை?

விடை பொழுதில் இருக்கிறது. பர்மிங்ஹாமின் மழை பன்னிரண்டு மாதங்களுக்கும் பங்கிடப்பட்டது. ஆண்டில் 120 நாட்களுக்கு மேல் மழை பெய்கிறது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம். அத்திலாந்திக்கிலிருந்து வரும் தாழமுக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போவதால் அங்கே மழைக்காலம் என்று தனியே ஒரு காலம் இல்லை. எங்களுக்கோ ஆண்டு மழையில் பாதிக்கு மேல் நவம்பர், டிசம்பர், ஜனவரி என்ற மூன்று மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. வங்காள விரிகுடாவைக் கடந்து வரும் வடகீழ்ப் பருவக்காற்றும், அக்காலத்தில் உருவாகும் தாழமுக்கங்களும் புயல்களும் அதைக் கொண்டுவருகின்றன. பெரும்போகம் விதைப்பது அந்த நம்பிக்கையில்தான். அவளுடைய மழை நனைக்கும். எங்கள் மழை நிறைக்கும். குளம் நிறைந்து, வட்டை நிறைந்து, பிறகு வீதியும் நிறையும்.

டோஹாத் தோழியின் மழை வேறு. "இஞ்ச மழ புள்ள! ரோட்டெல்லாம் தண்ணி, எல்லாரும் வெளிய வந்து பாத்துக்கிட்டு நிக்கிறாங்க" என்று ஒரு நாள் மூச்சு வாங்கச் சொல்லியிருந்தாள். பெய்தது அரை மணித்தியாலம். அரை மணித்தியால மழைக்கு வீதி எப்படி மூழ்கும் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. காரணம் எளியது. ஆண்டில் பத்து நாட்கள் கூட ஒழுங்காக மழை பெய்யாத ஊரில் வீதிகளும் கூரைகளும் வெயிலை எண்ணியே கட்டப்படுகின்றன. மண்ணும் இறுகிக் கிடக்கிறது. திடீரென்று விழும் நீரை உறிஞ்சுவதில்லை. 2024 ஏப்ரல் 16ஆம் திகதி ஐக்கிய அரபு இராச்சியத்தில் அல் ஐன் பகுதியில் ஓரிடத்தில் 24 மணித்தியாலத்துக்குள் 254 மில்லிமீற்றர் மழை பெய்தபோது டுபாய் விமான நிலையம் வரை நீரில் நின்றதை எல்லோரும் பார்த்தோம். அது எங்கள் ஊரில் ஒரு கார்த்திகை மாதத்துப் புயல் தரக்கூடிய மழைதான். நிலம்தான் வேறு.

அந்த மழையை அவள் சிரிப்போடு சொன்னதைப்போல எங்கள் மழையை நான் எப்போதும் சொல்ல முடிவதில்லை. 2024 நவம்பர் இறுதியில் கிழக்குக் கரை முழுவதும் வெள்ளம் ஏறியது. உயர்தரப் பரீட்சையே சில நாட்கள் நிறுத்தப்பட்டது. காரைதீவு மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்கள் ஏறிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு, வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த சிறுவர்கள் உயிரிழந்தார்கள். செய்தி வந்த அதே கிழமையில் டோஹாவிலிருந்து, அங்கு மழை வேண்டித் தொழுவதைப் பற்றி அவள் ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தாள். கட்டாரில் குளிர்காலத் தொடக்கத்தில் அவ்வாறு மழைத் தொழுகை நடத்தப்படுவதுண்டு. "ஒங்கட மழையில கொஞ்சம் இஞ்ச அனுப்பு" என்று முடித்திருந்தாள். ஊர்ச் செய்தி அவளுக்கு அப்போது தெரியாது. நான் இரண்டு நாட்கள் பதில் போடவில்லை.

மழை றஹ்மத் என்றுதான் நாங்கள் படித்திருக்கிறோம். அதே மார்க்கத்தில் மழை வேண்டிக் கேட்ட துஆவும் இருக்கிறது. மழை மிகுந்து வீடுகளும் கால்நடைகளும் அழியத் தொடங்கியபோது அதைச் சுற்றுப்புறங்களுக்குத் திருப்பிவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் கேட்ட துஆவும் ஹதீஸில் இருக்கிறது. இரண்டாவது துஆவை எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நன்றாக அறிவார்கள். அது தேவைப்படும் நாள் வரும் என்று டோஹாவில் வளரும் ஒரு பிள்ளைக்குச் சொன்னால் விளங்குமா என்று யோசிக்கிறேன்.

கச்சானும் ஷமாலும்

இனிப் பெரும்பொழுது. தமிழ் இலக்கண மரபில் கார்காலம் ஆவணியும் புரட்டாதியும். அதாவது ஓகஸ்ட் நடுப்பகுதி முதல் ஒக்டோபர் நடுப்பகுதி வரை. முல்லைத் திணைக்குரிய பெரும்பொழுது அது. மழை தொடங்குமுன் வருவேன் என்று சொல்லிப்போன தலைவனுக்காகத் தலைவி காத்திருப்பாள். சம்மாந்துறை வட்டைக்கு அருகே அவள் காத்திருந்தால் இன்னும் இரண்டு மாதம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். ஏனென்றால் ஆவணியில் எங்கள் கரையில் கிணறு வற்றும், புல் காயும், கச்சான் காற்று வீசும். எங்களுக்கு மழை தொடங்குவது ஐப்பசியில். இலக்கணம் அதைக் கூதிர் என்று குறிஞ்சிக்குக் கொடுத்திருக்கிறது.

கச்சான் என்று நாங்கள் சொல்வது மேற்கிலிருந்து வரும் உலர்ந்த சூடான காற்றை. (வேர்க்கடலையும் எங்களுக்குக் கச்சான்தான், அது வேறு.) தென்மேல் பருவக்காற்று மே மாதம் முதல் செப்டெம்பர் வரை இலங்கையின் மேற்குப் பக்கத்தில் மோதுகிறது. மலைநாட்டில் மேலேறும்போது குளிர்ந்து, தன் நீரை இரத்தினபுரி போன்ற இடங்களில் கொட்டிவிடுகிறது. இரத்தினபுரிக்கு ஆண்டில் 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. ஈரமான காற்று மேலேறும்போது 100 மீற்றருக்கு ஏறத்தாழ 0.6 பாகை செல்சியஸ்தான் குளிர்கிறது. நீரை இழந்து உலர்ந்த பின் கிழக்குச் சரிவில் இறங்கும்போது 100 மீற்றருக்கு ஏறத்தாழ 1 பாகை சூடாகிறது. ஏறியபோது இழந்த வெப்பத்தைவிட இறங்கும்போது பெறும் வெப்பம் கூடுதல். ஆகவே இரத்தினபுரியில் மழையாக இருந்த அதே காற்று எங்களிடம் வந்து சேரும்போது வெக்கையாக இருக்கிறது. அல்ப்ஸ் மலைச் சரிவுகளில் வீசும் ஃபோன் காற்று என்று புவியியலில் படிப்பதும் இதே வகைதான். தொலைபேசிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

டோஹாத் தோழியின் கொப்பிப் பக்கத்தில் அதே மாதங்களில் ஷமால் என்று இருந்தது. அரபுச் சொல்லான ஷமால் வடக்கைக் குறிக்கும். ஈராக் பக்கமிருந்து வளைகுடாவின் நீளத்துக்கு வரும் வடமேல் காற்று அது. ஜூன், ஜூலை மாதங்களில் மண்ணை அள்ளிக்கொண்டு வருகிறது. வானம் மஞ்சளாகி, எதிரே இருக்கும் கட்டடம் மறைந்துவிடும் என்கிறாள். கச்சான் வீசும்போது உம்மம்மா ஜன்னலைச் சாத்தி வைப்பார். ஷமால் வீசும்போது அங்கே ஜன்னலின் இடுக்கில் ஈரத் துணியை அடைக்கிறார்களாம்.

இரண்டு காற்றும் ஒன்றா என்று அவள் கேட்டாள். ஒன்றல்ல. ஆனால் எங்களுக்குக் கச்சானாக வரும் தென்மேல் பருவக்காற்று அரபு நாட்டையும் ஓரிடத்தில் தொட்டுப்போகிறது. ஓமானின் தெற்கில் ஸலாலாவை அடுத்த மலைகள் ஜூன் முதல் செப்டெம்பர் வரை அந்தக் காற்றின் மூடுபனியாலும் தூறலாலும் பச்சைப் பசேலென்று மாறிவிடுகின்றன. அங்கே அந்தக் காலத்துக்குக் கரீப் என்று பெயர். அரபு அகராதியில் கரீப் என்றால் இலையுதிர்காலம். ஸலாலாவில் அது தளிர்க்கும் காலம். ஒரு சொல் நிலம் மாறும்போது எதிர்ப்பொருளே ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் பருவக்காற்றைக் குறிக்கும் மொன்சூன் என்ற சொல்லும் பருவம் என்று பொருள்படும் மவ்ஸிம் என்ற அரபுச் சொல்லிலிருந்து போர்த்துக்கேயர் வழியாகச் சென்றது. அந்தக் காற்றை அறிந்து பாய்விரித்த அரபு வணிகர்கள் இல்லாவிட்டால் இத்தீவில் எங்கள் சமூகத்தின் வரலாறே வேறாக இருந்திருக்கும்.

சூரியன், பொழுது, பனி

டோஹா ஏன் எங்களைவிடச் சூடு என்பதற்குப் பெரும்பாலானோர் "அங்க வெயில் கூட" என்பார்கள். கொப்பியைப் பார்த்தால் அப்படியில்லை. எங்கள் தலைக்கு நேரே சூரியன் ஆண்டில் இருமுறை வருகிறது: ஏப்ரல் இரண்டாம் கிழமையளவிலும், செப்டெம்பர் தொடக்கத்திலும். அன்று நண்பகலில் கொடிக்கம்பத்துக்கு நிழல் இராது. டோஹா கடகக் கோட்டுக்கு வடக்கே 25 பாகையில் இருப்பதால் அங்கே சூரியன் ஒருநாளும் உச்சிக்கு நேரே வருவதில்லை. ஆனாலும் ஜூலையில் அங்கு சராசரிப் பகல் வெப்பம் 41 பாகையைத் தாண்டுகிறது. எங்களுக்கு 33, 34. அந்த அகலக்கோட்டில் காற்று மேலிருந்து கீழே இறங்கி அமுங்குவதால் முகில் கூடுவதில்லை. நிலத்தில் ஈரமில்லை, வந்த வெப்பம் முழுவதும் மண்ணைச் சுடுவதிலேயே செலவாகிறது. எங்களுக்கு அதில் ஒரு பங்கு குளத்து நீரையும் வயல் நீரையும் ஆவியாக்கப் போய்விடுகிறது. ஓகஸ்டில் ஷமால் ஓய்ந்ததும் ஆழமில்லாத வளைகுடாவிலிருந்து எழும் ஈரப்பதன் நகரத்தை மூடிக்கொள்ளும். அப்போது குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்தால் மூக்குக்கண்ணாடியில் நீர் படிந்து கண் தெரியாது என்கிறாள். குளிரான இடத்திலிருந்து சூடான இடத்துக்கு வந்தால் கண்ணாடி மங்கும். பர்மிங்ஹாமிலும் இது நடக்கிறது, ஆனால் அங்கே வெளியிலிருந்து வீட்டுக்குள் வரும்போது.

பர்மிங்ஹாமின் முதற்பொருள் குளிர் என்றுதான் நான் முதலில் குறித்துவைத்தேன். அவள் அதை வெட்டிவிட்டு ஒளி என்று எழுதச் சொன்னாள். வடக்கே 52 பாகையைத் தாண்டிய ஊர் அது. ஜூனில் பகல் ஏறத்தாழ பதினாறே முக்கால் மணித்தியாலம். டிசம்பரில் எட்டு மணித்தியாலம் கூட இல்லை. எங்களுக்கு மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணித்தியாலம்கூட வித்தியாசம் வராது. டிசம்பரில் அங்கே மாலை நாலு மணிக்கு முன்னரே மஃரிப் ஆகிவிடுகிறது. பாடசாலை விட்டு வீட்டுக்கு வந்ததும் இருட்டு.

சிறுபொழுது ஆறும் ஒவ்வொன்றும் பத்து நாழிகை, அதாவது நாலு மணித்தியாலம் என்று மரபு கணக்கிடுகிறது. சூரியன் சாயும் எற்பாடு பிற்பகல் இரண்டிலிருந்து ஆறு வரை. இந்தக் கணக்கு எங்கள் அகலக்கோட்டில் ஆண்டு முழுவதும் ஏறத்தாழச் சரியாக வரும். பர்மிங்ஹாமில் டிசம்பரில் எற்பாட்டின் பாதி இரவாகிவிடும். ஜூனில் யாமத்துக்குப் போதிய இருட்டே கிடைக்காது. ஐவேளைத் தொழுகையின் நேரங்களோ மணிக்கூட்டை நம்பாமல் சூரியனின் நிலையையும் நிழலின் நீளத்தையும் வைத்து வரையறுக்கப்பட்டவை. ஆகவே நிலத்தோடு சேர்ந்து அவையும் நகர்கின்றன. அங்கும்கூடக் கோடையில் இரவு முழுவதும் அந்தி வெளிச்சம் எஞ்சுவதால் இஷாவையும் சுபஹையும் எப்படிக் கணிப்பது என்று உலமாக்கள் தனியே ஆராய வேண்டியிருக்கிறது. 2025இல் றமழான் மார்ச் மாதத்தில், இரவும் பகலும் சமமாகும் நாளையொட்டி வந்தது. அதனால் மூவரும் ஏறக்குறைய ஒரே அளவு நேரம் நோன்பிருந்தோம். 2016இல் ஜூனில் வந்தபோது பர்மிங்ஹாமில் அது 18 மணித்தியாலத்துக்கு மேல். ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும் மாதம் ஆதலால் எல்லா நிலத்தாரும் எல்லாப் பொழுதிலும் நோன்பிருந்து பார்த்துவிடுகிறார்கள்.

பனி என்ற சொல்லிலும் நாங்கள் முட்டிக்கொண்டோம். "பனி பெய்யிது" என்று அவள் படம் அனுப்பினாள். எனக்குப் பனி என்றால் மார்கழி, தை விடியலில் புல்நுனியில் நிற்கும் நீர். தலையில் படக்கூடாது என்று உம்மம்மா துணி போர்த்துவது. இலக்கணத்தின் முன்பனியும் பின்பனியும் அந்தப் பனிதான். அவளுடையது வெள்ளையாகக் குவிவது. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் சில விடியல்களில் புல் உறைந்து வெளுப்பதுதான் இத்தீவில் அதற்கு மிக நெருங்கிய உறவு. புலம்பெயர் இலக்கியம் பற்றிப் பேசுவோர் பனி சார்ந்த நிலத்தை ஆறாம் திணை என்று சொல்வதுண்டு. கனடாவுக்கும் நோர்வேக்கும் அது பொருந்தலாம். பர்மிங்ஹாமில் பனி ஆண்டில் சில நாட்கள்தான் தரையில் நிற்கிறது. அங்கே ஒரு திணை வகுப்பதானால் நாலு மணி இருட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

உடும்பும் தகைவிலானும்

கருப்பொருளில் எனக்கு மிகவும் பயன்பட்டது ஒரு பல்லி வகை. குடும்பத்தோடு பாலைவெளிக்குப் போனபோது டோஹாத் தோழி ஒரு பிராணியைப் படம் பிடித்து அனுப்பினாள். பருத்த உடல், வால் முழுவதும் முள் வளையங்கள். அரபியில் ளப் என்றார்களாம். ஹதீஸ் மொழிபெயர்ப்புகளில் இந்தச் சொல்லுக்கு நாங்கள் படித்திருப்பது உடும்பு. "இது நம்மட உடும்பா?" என்று கேட்டிருந்தாள். எங்கள் வேலியோரம் நாக்கை நீட்டிக்கொண்டு போகும் உடும்பு பூச்சி, நத்தை, முட்டை, சிறு பிராணிகள் என்று தின்பது. ளப் பெரும்பாலும் இலைதழை தின்பது. கோடை நண்பகலில் தன் வளைக்குள் போய் ஒளிந்துகொள்வது. எங்கள் உடும்பின் இனத்துக்கு அரபியில் வரல் என்று தனியே ஒரு பெயர் இருக்கிறது. அரபு மொழி இரண்டு பிராணிக்கு இரண்டு சொல் வைத்திருக்க, தமிழில் இரண்டும் உடும்பாகிவிட்டன. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ளப் வாழாததால் மொழிபெயர்த்தவர்களுக்கு வேறு சொல் கிடைத்திராது.

அந்த ஹதீஸின் நிகழ்ச்சியும் நிலத்தைப் பற்றியதே. சமைத்த ளப் பரிமாறப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் உண்ணவில்லை. தடுக்கப்பட்டதா என்று காலித் இப்னு வலீத் (ரழி) கேட்டபோது, இல்லை, தம் சமூகத்தாரின் நிலத்தில் அது இல்லாததால் தமக்கு மனம் ஒப்பவில்லை என்று விளக்கினார்கள். காலித் (ரழி) அவர்கள் உண்டார்கள். உண்ணலாம், கூடாது என்ற சட்டத்தைச் சொல்வது உலமாக்களின் பணி. அதில் நான் நுழையவில்லை. எந்தப் பிராணியைப் பற்றிப் பேசப்படுகிறது என்பதையாவது சரியாக அறிந்துகொண்டு கேட்க வேண்டுமல்லவா?

கடலிலும் இப்படி ஒன்று உண்டு. ஆவுளியாவை மன்னார்ப் பக்கத்து மீனவர்கள் கடற்பன்றி என்பார்கள். அரபியில் அதற்குக் கடற்பசு என்று பெயர். உலகில் அவுஸ்திரேலியாவுக்கு அடுத்தபடியாக ஆவுளியாக்கள் மிகுதியாக வாழ்வது கட்டாரைச் சூழ்ந்த வளைகுடாவில். மன்னார்க் கடலில் இன்று அவை மிக அரிது. கடற்புல்லை மேயும் சாதுவான பிராணி அது. பசு என்றவர்கள் அது மேய்வதைப் பார்த்திருக்கிறார்கள். பன்றி என்றவர்கள் எதைப் பார்த்தார்களோ தெரியாது.

தகைவிலான் குருவியால் பர்மிங்ஹாம் தோழிக்கு ஓர் ஆசை பிறந்தது. ஒக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை கல்முனை மின்கம்பிகளில் அவை வரிசையாக இருக்கும். ஏப்ரலில் எங்களிடமிருந்து மறையும். ஏப்ரலில்தான் அவளுடைய ஊரில் தோன்றும். ஒரே குருவிகள்தான் இங்கிருந்து அங்கு வருகின்றனவா என்று கேட்டாள். ஒரே இனம்தான், ஆனால் பயணம் வேறு. பிரித்தானியாவின் தகைவிலான்கள் சஹாராவைத் தாண்டித் தென்னாபிரிக்கா வரை போய்க் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. எங்களுடையவை ஆசியாவின் வடபகுதிகளிலிருந்து வருபவை. அவளுக்கு ஏமாற்றம். ஒரு நிலத்துக்குரிய பூவும் பறவையும் வேறு நிலத்தில் காணப்பட்டால் அவற்றை வந்த நிலத்துக்கு உரியனவாகவே கொள்ளலாம் என்று தொல்காப்பியம் இடம் கொடுத்திருப்பதை அவளுக்குச் சொன்னேன். "அப்ப நானும் இந்த ஊர்க்காரிதானா?" என்று கேட்டாள். பூவுக்கும் புள்ளுக்கும்தான் அந்த விதி என்று எழுதினேன்.

யானையைப் பற்றி எழுதியதுதான் கொப்பியில் மிக நீண்ட பக்கம். மரபின்படி யானை குறிஞ்சிக்குரியது. எங்கள் மாவட்டத்தில் அது கல்லோயாக் காட்டிலிருந்து இறங்கி மருதமாகிய வட்டைக்குள் நிற்கிறது. சேனாநாயக்க சமுத்திரத்தில் தீவுக்குத் தீவு நீந்திப்போகும் யானைகளைப் பார்க்க வெளிநாட்டார் வருகிறார்கள். நெல் முற்றும் காலத்தில் காவலுக்குப் போகிறவர்கள் அதே யானைக்காக வெடி வைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள். 2023இல் மட்டும் நாட்டில் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதர்களும் இறந்தார்கள். மாவட்டத்தின் குப்பை மேடுகளில் யானைகள் பொலித்தீனோடு சேர்த்து உணவைத் தின்பதையும் கண்டிருக்கிறோம். இன்றைய மருதத்தின் கருப்பொருளை நேர்மையாக எழுதினால் நெல், நாரை, எருமையோடு யானைவெடியையும் பொலித்தீனையும் சேர்க்கவேண்டி வரும். பர்மிங்ஹாம் தோழியின் பக்கத்தில் வீட்டுக் குப்பைப் பையைக் கிழிக்கும் நரி இருக்கிறது. "ஒங்களுக்கு யானை, எங்களுக்கு நரி" என்றாள். நரி யாரையும் மிதிப்பதில்லை.

டோஹா பாலையா?

மணலைக் கண்டதும் பாலைத்திணை என்று எழுதிவிடுவது மாணவர்களின் பழக்கம். தொல்காப்பியம் பாலைக்குத் தனி நிலம் தரவில்லை. முல்லையும் குறிஞ்சியும் கோடையால் தம் இயல்பு கெட்டுத் திரிந்த நிலையே பாலை என்கிறது சிலப்பதிகாரம். திரிந்தது மழை வந்தால் மீளும். டோஹாவைச் சுற்றியுள்ள கல்லும் மணலும் எதிலிருந்தும் திரியவில்லை. அதன் இயல்பே அது. அந்த நிலத்தில் ளப் நலமாக வாழ்கிறது. அழிந்துபோன ஒறிக்ஸ் மானையும் வளர்த்துத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆகவே முதற்பொருளை வைத்துப் பார்த்தால் டோஹாவைவிட ஆடி, ஆவணியில் கச்சான் அடித்துக் காய்ந்து கிடக்கும் எங்கள் காட்டோரம்தான் பாலைக்கு நெருக்கம். அந்தக் காய்ச்சலில்தான் எங்கள் காட்டில் பாலை என்ற பெயருடைய மரமே பழுக்கிறது. மஞ்சள் நிறப் பழம், தேன்போல இனிக்கும், பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். கரடி மரத்தில் ஏறியே தின்னும்.

உரிப்பொருளை வைத்துப் பார்த்தால் விடை மாறுகிறது. பாலைக்கு உரியது பிரிவு. அதிலும் பொருள் தேடிப் பிரிவதைப் பாடல்கள் மிகுதியாகப் பேசுகின்றன. வளைகுடாவுக்குப் போன வாப்பாமார், நானாமார் இல்லாத தெரு எங்கள் ஊரில் இல்லை. டோஹாத் தோழியின் வாப்பா அவள் இரண்டு வயதாக இருக்கும்போது போனவர். குடும்பத்தை அழைத்துக்கொள்ள அவருக்குப் பத்து ஆண்டுக்கு மேல் ஆனது. பாலைப் பாடல்களில் பேசுபவர்களில் பலர் வழியில் நடப்பவர்கள் அல்லர். வீட்டில் இருக்கும் தலைவியும் தோழியும் தாயும். அப்படியானால் அந்தத் திணையின் பெரும்பகுதி டோஹாவில் இல்லை. இங்கே, சம்பளம் வந்த அன்று வங்கி வாசலில் நிற்கும் உம்மாமாரிடம் இருக்கிறது. இது என் சொந்தக் கருத்து. பரீட்சையில் எழுதினால் புள்ளி கிடைக்குமா என்று தெரியாது.

இதை அவளுக்கு அனுப்பியபோது அவள் விவாதிக்கவில்லை. பாலைப்பழம் வந்துவிட்டதா என்றுதான் கேட்டாள். வந்துவிட்டது, வீதியோரத்தில் விற்கிறார்கள். புதுப்பழம் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது. வெயிலில் காயவைத்தால் அனுப்பலாம் என்று உம்மம்மா சொல்கிறார். கச்சான் இன்னும் அடிப்பதால் காய்வதற்குத் தடையிராது.